கதவைத் தட்டிக் கேட்ட கணக்கு

வானொலியில் வாசித்த உரையைச் சற்று விரித்து இங்கே எழுத்தில் தருகிறேன். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில இலக்கங்களையும் சேர்த்திருக்கிறேன். இலக்கங்களைக் கண்டால் பக்கத்தைப் புரட்டுபவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், கணக்காளன் கையில் பேனாவைக் கொடுத்தால் இதுதான் வரும்.

இந்த உரைக்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. வயதான ஓர் அம்மா, பெயர் சொல்லவில்லை. "தம்பி, நீங்கள் கணக்காளர்தானே. எண்பத்துமூண்டுக்குப் பிறகு எங்கட சனம் ஊருக்கு அனுப்பின காசு மொத்தம் எவ்வளவு எண்டு ஒருக்கா வானொலியில சொல்லுங்கோவன்" என்றார். தேடிச் சொல்கிறேன் அம்மா என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுப்பது சுலபம். மூன்று கிழமை தேடியும் அந்தத் தொகை கிடைக்கவில்லை. ஆனால், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு மாநிலம் இதே கேள்விக்கு எப்படி விடை கண்டது என்பது கிடைத்தது. அதன் ஒரு நுனி என் அறைக்குள்ளேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் அப்போது தெரியாது.

1998ஆம் ஆண்டு. நான் டுபாய்க்கு வந்து ஒரு வருடம். 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த கூட்டத்தில் பி.கொம் சான்றிதழைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு நடந்தவர்களில் நானும் ஒருவன். கொழும்பில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து ஒரு வியாபார நிறுவனத்தில் கணக்கெழுதச் சேர்ந்தேன். தங்கியது சத்வாவில். இப்போதைய டுபாயைப் பார்த்தவர்களுக்குச் சத்வாவை விளங்கப்படுத்துவது கஷ்டம். ஷேக் ஸாயித் வீதியின் உயர்ந்த கட்டடங்களுக்குப் பின்னால், தையற்கடைகளும் துணிக்கடைகளும் பாகிஸ்தானி சாப்பாட்டுக்கடைகளும் நெருக்கமாக இருக்கிற பழைய குடியிருப்பு அது. ஒருகாலத்தில் ஒரு குடும்பம் இருந்த தட்டை வீட்டை அறை அறையாகப் பிரித்து, அறைக்கு ஆறு கட்டில் போட்டு வாடகைக்கு விடுவார்கள். பெட் ஸ்பேஸ் என்பார்கள். எங்கள் அறையில் மூன்று மலையாளிகள், இராமநாதபுரத்துக்காரர் இருவர், நான்.

கீழ்க்கட்டில்காரர் மலப்புறம் மாவட்டம் திரூரைச் சேர்ந்தவர், வான் சாரதி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இக்கா என்று கூப்பிடுவோம். ஒரு வெள்ளிக்கிழமை அட்டை போட்டு வீட்டுக்குக் கதைத்துவிட்டு முகம் வெளுத்து வந்தார். ஊரில் யாரோ கடதாசிக் கட்டோடு வீட்டுக்கு வந்து, திண்ணையில் இருந்து, அவருடைய மனைவியிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். புருஷன் எந்த வருடம் போனார், எந்த நாட்டுக்கு, அப்போது என்ன வயது, என்ன படிப்பு, போக எவ்வளவு செலவு, அந்தக் காசு எங்கிருந்து வந்தது, மாதம் எவ்வளவு அனுப்புகிறார், அது என்னென்ன செலவுக்குப் போகிறது. மனைவி எல்லாவற்றுக்கும் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லியிருக்கிறார்.

"வருமான வரியோ?" என்றார் இராமநாதபுரத்துக்காரர். "விசா விஷயமோ?" என்றார் இன்னொருவர். எனக்கு வந்த கேள்வி வேறு. "இக்கா, பெயர் எழுதிக்கொண்டு போனார்களா?" என்று கேட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று நம் நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழ் வீடுகளைத் தேடி வந்தவர்களிடம் வாக்காளர் பட்டியல் இருந்தது. பிறகு யுத்த காலத்தில் கொழும்பில் அறை எடுத்து இருந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும், அந்தத் துண்டு இல்லாமல் வீதியில் இறங்க முடியாது. தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்தவர்களுக்குத் தலை எண்ணுகிற நாட்கள் தெரியும். எங்களை எண்ண வருகிறவன் நல்லதுக்கு வருவான் என்று நம்புவதற்கு எங்கள் தலைமுறைக்கு எந்த அனுபவமும் இல்லை.

ஆனால் திரூருக்கு வந்தவர்கள் நல்லதுக்குத்தான் வந்திருந்தார்கள். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம் என்றொரு நிறுவனம் இருக்கிறது. பொருளியலறிஞர் கே. என். ராஜ் முன்னின்று தொடங்கியது, கட்டடங்கள் லாரி பேக்கர் கட்டிய செங்கல் வேலை. வருமானம் குறைந்த கேரளா படிப்பிலும் சுகாதாரத்திலும் எப்படி முன்னுக்கு நிற்கிறது என்று 1975இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட அறிக்கையை எழுதியவர்கள் அந்த மையத்தார்தான். 1998இல் அங்கிருந்து கே. சி. சக்கரியா, ஈ. டி. மாத்யு, எஸ். இருதயராஜன் என்ற மூவர், இந்திய–நெதர்லாந்து ஆய்வுத் திட்டம் ஒன்றின் உதவியோடு, கேரள இடப்பெயர்வு ஆய்வு என்ற வேலையைத் தொடங்கினார்கள். 14 மாவட்டங்களிலும் சேர்த்து 200 இடங்கள், இடத்துக்கு 50 வீடு, மொத்தம் 10,000 வீடு.

சக்கரியா சாதாரண ஆள் இல்லை. பிரிட்டிஷ் காலத்துக் குடிசன மதிப்பீடுகளை வைத்து, 1901 முதல் 1931 வரை இந்தியத் துணைக்கண்டத்துக்குள்ளே யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று 1964இலேயே புத்தகம் போட்டவர். பிறகு உலக வங்கியில் இருந்துகொண்டு மேற்கு ஆபிரிக்க இடப்பெயர்வு பற்றி எழுதினார். வாழ்நாள் முழுக்க ஊரை விட்டுப் போனவர்களின் அட்டவணைகளைப் படித்தவர், ஓய்வுக்குப் பிறகு சொந்த மாநிலத்தின் வீட்டுத் திண்ணைகளுக்கு வந்தார். அவரோடு தொடங்கி, அந்த ஆய்வை ஐந்து வருடத்துக்கொரு தடவை, சிலவேளை அதற்கு முன்பே, விடாமல் நடத்திக்கொண்டு வந்தவர் இருதயராஜன். இந்தியாவில் வெளிநாட்டு வேலை பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும், எந்த அமைச்சர் இலக்கம் சொன்னாலும், அது பெரும்பாலும் அவருடைய அட்டவணையிலிருந்து வந்ததாக இருக்கும்.

வங்கியைக் கேட்டால் தெரிந்துவிடாதா, ஏன் வீடு வீடாகப் போக வேண்டும் என்று கேட்கலாம். இங்கேதான் எனக்கு இந்த ஆய்வின் மேல் தொழில்முறையான மரியாதை வந்தது. கணக்காய்வு செய்கிறவன் கம்பனியின் பேரேட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடமாட்டான். கம்பனிக்குக் காசு தரவேண்டியவருக்கு நேரே கடிதம் எழுதி, உங்கள் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்பான். மத்திய வங்கிக்கு நாட்டுக்குள் வந்த மொத்தம் தெரியும், அது எந்த வீட்டு உலையில் அரிசியாகப் போனது என்று தெரியாது. அரசாங்கத்தின் குடியகல்வு அனுமதி ஏட்டில் இருந்தது அனுமதி எடுக்க வேண்டிய வகுப்பினர் மட்டும்தான், மற்றவர்கள் அதில் இல்லை. அதனால்தான் பெற்றுக்கொண்டவரிடம் போய்க் கேட்டார்கள். வங்கி வழியாக வந்ததா, கையில் வந்ததா என்று பயந்துகொண்டு சொல்ல வேண்டிய இடமும் அது இல்லை.

வந்த விடை இது. 1998இல் கேரளாவிலிருந்து வெளிநாட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ 13 இலட்சத்து 60 ஆயிரம் பேர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் வளைகுடாவில். திரும்பி வந்தவர்கள் 7 இலட்சத்து 39 ஆயிரம். அந்த வருடம் வந்த பணம் 13,652 கோடி ரூபா. 2008இல் போனவர்கள் ஏறத்தாழ 22 இலட்சம், பணம் 43,288 கோடி. 2013இல் ஆட்கள் 24 இலட்சமாக உச்சத்துக்குப் போய், 2018இல் 21 இலட்சமாக இறங்கியது. 2023 ஆய்வில் ஆட்கள் 22 இலட்சம், பணமோ 2 இலட்சத்து 16 ஆயிரம் கோடி ரூபாவைத் தாண்டிவிட்டது. படிக்கப் போன பிள்ளைகள் மட்டும் இரண்டரை இலட்சம், ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இதனால் என்ன பயன்? அதுவரை கேரளாவில் வளைகுடாப் பணம் என்றால் நகை, பெரிய வீடு, வீண் செலவு என்றுதான் பேச்சு. பெரும்பாலான வீடுகளில் அந்தக் காசு முதலில் போனது அன்றாடச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கடன் அடைப்புக்கும் என்று ஆய்வு காட்டியது. பிறகு மாநில அரசு வரவுசெலவுக்கு முந்திய தன் பொருளாதார மீளாய்வில் இந்த இலக்கங்களைப் போட ஆரம்பித்தது. 2008இல் வெளிநாட்டுக் கேரளர்களுக்கான நலநிதிச் சட்டம் வந்தது. கோவா, பஞ்சாப், குஜராத் என்று மற்ற மாநிலங்களும் அதே முறையைக் கையிலெடுத்தன. 2015இல் தமிழ்நாட்டிலும் 20,000 வீடுகளில் கேட்டார்கள். 22 இலட்சம் தமிழர் வெளிநாட்டில், சிங்கப்பூருக்கு அடுத்தபடியாக ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் என்று வந்தது. எங்கள் அறை இராமநாதபுரத்துக்காரர்களில் ஒருவர் அதற்குள் இருப்பார்.

அவர்கள் ஊரில் மட்டும் நிற்கவில்லை. சக்கரியா, பி. ஏ. பிரகாஷ், இருதயராஜன் மூவரும் ஐக்கிய அரபு இராச்சியத்தில் வேலை செய்யும் கேரளத்தவரின் சம்பளம், வேலை நிலைமை பற்றி எழுதிய ஆய்வு 2002இல் வந்தது. 2008 கடைசியில் உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தபோது அவர்கள் வேலையின் பெறுமதி எனக்கு நேரே விளங்கியது. அந்த வருடம் ஜுமைரா கார்டன்ஸ் என்ற பெருந்திட்டத்துக்காகச் சத்வாவின் ஒரு பகுதியை இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். வீட்டுச் சுவர்களில் இலக்கம் எழுதினார்கள், இலக்கம் விழுந்த வீட்டுக்காரர் சாமான் கட்டினார்கள். எங்கள் வீட்டுச் சுவரிலும் விழுந்தது. அறை கலைந்தது, இக்கா ஊருக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளில் திட்டமும் நெருக்கடியில் நின்றுபோனது. இலட்சக்கணக்கானோர் வேலை இழந்து கேரளாவில் வந்து இறங்கப்போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 2009இல் இவர்கள் பழைய வீடுகளுக்கே திரும்பப் போய்க் கேட்டார்கள். நெருக்கடியால் வேலை இழந்து திரும்பியவர்கள் 37 ஆயிரத்துக்கும் 63 ஆயிரத்துக்கும் இடையில்தான் என்று கண்டார்கள். பலர் சம்பளம் குறைந்தாலும், படுக்க இடம் மாறினாலும், இங்கேயே ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இன்றும் சத்வாவில்தான் இருக்கிறேன், இந்த உரைகளை ஒலிப்பதிவு செய்து அனுப்புவது இரண்டு வீதி தள்ளி ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதில் பதிந்து போனவர்களின் தொகை இருக்கிறது. முகவருக்குக் காசு கட்டி, மூன்று நாடு சுற்றி, கடைசியில் ஒரு விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் கிழித்தவர் அதில் இல்லை. குடிசன மதிப்பீடும் உதவவில்லை. 1981க்குப் பிறகு 1991இல் எடுக்கவேயில்லை, 2001இல் வடக்கு கிழக்கில் முழுமையாக எடுக்க முடியவில்லை. 1981இல், கிளிநொச்சியும் சேர்ந்திருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர். 2012இல் இரண்டு மாவட்டத்தையும் கூட்டினாலும் 7 இலட்சம் வரவில்லை. முப்பது வருடப் பிறப்பையும் சேர்த்த பிறகு இந்த இலக்கம். இந்த இடைவெளிக்குள்தான் நாங்கள் இருக்கிறோம், செத்தவர்களும் இருக்கிறார்கள்.

பணம்? எங்கள் காசு பெரும்பாலும் போனது உண்டியலில். லண்டனிலோ சூரிச்சிலோ ஒரு கடையில் கட்டினால், மறுநாள் ஊரில் ஒருவர் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பார். நாணயம் எல்லை தாண்டுவதில்லை, இரு பக்கத்துக் கடன்தான் கழிபடுகிறது. யுத்த காலத்தில் வங்கிக் கிளை இல்லாத இடத்துக்கும் அது போனது. மத்திய வங்கி ஏட்டில் அதற்கு வரி இல்லை. உண்டியல் எவ்வளவு பெரியது என்பது 2021இல் எல்லோருக்கும் தெரிந்தது. டொலரை 203 ரூபா அளவில் பிடித்து வைத்தார்கள், உண்டியலில் அதைவிடக் கூடக் கிடைத்தது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வங்கிவழி வரவு 2022இல் 3.8 பில்லியனாக விழுந்தது. ஆட்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை, பாதையைத்தான் மாற்றினார்கள். அப்போது இங்கே என் அலுவலகத்துச் சிங்களச் சகோதரர்களும் உண்டியல் என்ற சொல்லைத் தமிழிலேயே சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

சரி, வங்கி சொல்லாவிட்டால் கேரளாக்காரர் செய்ததுபோல் வீட்டைக் கேட்கலாமே என்று நினைத்தேன். அங்கேதான் முட்டியது. அவர்களுடைய முறை ஒரு வீட்டைத் தட்டி, உங்கள் வீட்டில் யார் வெளிநாட்டில் என்று கேட்பது. பதில் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். குடும்பத்தோடு போய்விட்டால் அந்தக் குடும்பம் ஆய்வில் விழாது. கேரளாவுக்கு அது சிறிய குறை, வளைகுடாவில் குடியுரிமை கிடைக்காது, மனைவியும் பெற்றோரும் ஊரில்தான் இருப்பார்கள். எங்களுக்கு அந்தக் குறைதான் முழுக் கணக்கும். 2011இல் வடமாகாணத்தில் யுத்த காலத்து இறப்புகளை வீடு வீடாகக் கேட்டுப் பதிந்தபோதும் இதே கேள்வி எழுந்தது, முழுக் குடும்பமும் இல்லாமற்போன இடத்தில் யார் வந்து சொல்வது?

பரீட்சித்துப் பார்ப்போம் என்று எங்கள் சொந்த ஒழுங்கையை எடுத்தேன். கொக்குவிலில் ஐந்து வீடு, எல்லாம் ஒரே சொந்தம். 1981இல் 34 பேர். ஆய்வின் கேள்விகளையே வைத்துக்கொண்டு இரண்டு கிழமை இரவுகளில் தொலைபேசி எடுத்தேன். எந்த வருடம், எந்த வழி, முகவருக்கு எவ்வளவு, யார் கொடுத்தது, எதை விற்றது. 34 பேரில் வயதாகியும் நோயிலும் செத்தவர்கள் 9. யுத்தத்தில் போனவர்கள் 3. கனடாவில் 9, பிரித்தானியாவில் 4, சுவிஸில் 3, பிரான்சிலும் அவுஸ்திரேலியாவிலும் இரண்டிரண்டு. இங்கே நான். ஐக்கிய அரபு இராச்சியம் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு என்பதால் நான் எந்த ஏட்டிலும் அகதி இல்லை, விசாவில் கணக்காளன். மிச்சம் ஒருவர், எங்கள் மாமி, இன்னும் அதே ஒழுங்கையில்.

அனுப்பிய தொகை ஒருவருக்கும் நினைவில்லை, ரொறொன்ரோவில் இருக்கிற அக்காவைத் தவிர. அவர் 1989 முதல் 2004 வரை ஒரு கொப்பி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பினார். மாமாவுக்குக் கண் ஒப்பரேசன், 200. அம்மாவுக்கு மாதக் காசு, 100. இடம்பெயர்ந்த கிழமை, கணக்கில்லாமல் 500. கூட்டிப் பார்த்தேன். மொத்தத்தை வானொலியில் சொல்லக் கூடாது என்று அக்கா கட்டளை, அதனால் சொல்லவில்லை. ஆனால் ஒரு விகிதத்தைச் சொல்ல அனுமதி வாங்கிவிட்டேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிரே எழுதியிருப்பது ஏஜென்சிக் காசு. தம்பியை எடுக்க, மச்சாளை எடுக்க, கடைசியில் அம்மாவை எடுக்க. திரூரில் காசு வந்து வீடு நிமிர்ந்தது. எங்கள் ஒழுங்கைக்கு வந்த காசு அதை வாங்கியவரையே வெளியே கூட்டிக்கொண்டு போனது. 2004இல் அம்மா ரொறொன்ரோவில் இறங்கிய மாதம் கொப்பி நிற்கிறது. அனுப்ப ஆளில்லை.

2024 குடிசன மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார்கள். திறப்பு மாமியிடம். "படலையில தட்டினவை. நான்தான் போய்ச் சொன்னன், ஆக்கள் இல்லை எண்டு. எழுதிக்கொண்டு போயிட்டினம்" என்றார் மாமி. எத்தனை பேர் இருந்த வீடு என்று கேட்டார்களா என்றேன். "அதை ஏன் ராசா கேக்கினம்?" என்றார்.

சென்ற கிழமை அந்த அம்மா திரும்ப எடுத்தார். தொகை கிடைக்கவில்லை என்று சொல்லி, அக்காவின் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, என்னட்டையும் ரெண்டு கொப்பி கிடக்கு. எண்பத்தேழில இருந்து. ஒண்டு தண்ணி பட்டு மை ஊறிப்போச்சு, பரவாயில்லையே?" என்று கேட்டார். பரவாயில்லை அம்மா, அனுப்புங்கோ என்றேன்.